ஆங்கிலச் சொற்களை வேர் பிடித்துப் படிப்பது எப்படி? சேலத்து போர்டுகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சேலம் ஜங்ஷனில் இருந்து ஓமலூர் பக்கம் போகிற ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்த போர்டில் உள்ள இரண்டு சொற்களை ஒழுங்காகப் பிரித்துப் படித்தாலே கணிசமான ஆங்கிலச் சொற்கள் கைக்கு வந்துவிடும். ஜங்ஷன் என்பது இலத்தீனில் 'சேர், பிணை' என்று பொருள்படும் யுங்கெரே என்ற வினையிலிருந்து வந்தது. அதே வினை பிரெஞ்சு வழியாக உருமாறி ஜாயின், ஜாயிண்ட் ஆனது. இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கிற கன்ஜங்ஷனும் இந்தக் குடும்பம்தான். இன்னும் மேலே போனால், மாட்டின் கழுத்தில் வைக்கிற நுகத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற யோக், சமஸ்கிருதத்து யோகம் இரண்டும் இதற்குப் பங்காளிகள்.

மேக்னசைட்டுக்கு வேர் ஓர் ஊர்ப்பெயர். கிரேக்க நாட்டில் தெஸ்ஸலி பகுதியில் உள்ள மக்னீசியா. அந்தப் பெயரிலிருந்துதான் மேக்னட், மெக்னீசியம், மாங்கனீஸ் எல்லாம் கிளம்பின. நம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டுகிற வெள்ளைக்கல் மேக்னசைட், கஞ்சமலையில் இருக்கிற இரும்புத்தாது மேக்னடைட், இரண்டு பெயரும் அந்த ஒரே ஊரிலிருந்து வந்து சேலத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. சரி, அப்படியென்றால் 'பெரிதாக்கு' என்று பொருள்படும் மேக்னிஃபை? அது வேறு வீடு. 'பெரிய' என்று பொருள்படும் மாக்னுஸ் என்ற இலத்தீன் சொல் அதற்கு வேர், மக்னீசியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான். சொற்களைக் குடும்பமாகப் படியுங்கள், ஆனால் ஒரு சொல்லை ஒரு குடும்பத்தில் சேர்க்கும் முன் அது எந்த மொழி வழியாக, எந்த உருவத்தில் வந்தது என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎன்பிஎஸ்சிக்கும் பேங்க் தேர்வுக்கும் நீட்டுக்கும் படிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கான சொற்களை அகர வரிசையில் உருப்போட்டு, இரண்டே மாதத்தில் மறந்துவிட்டு, நமக்கு ஆங்கிலம் வராது என்று மனசு உடைந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்த முறை இன்னும் சுலபம் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதல் படி: தெரிந்த சொற்களைத் திரட்டுங்கள்

வேர்ச்சொல் பட்டியல் புத்தகம் வாங்க இப்போது ஓட வேண்டாம். ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஒரு வேருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். அப்புறம் புதிய பஸ் ஸ்டாண்டில் இருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் ஒரு முறை பஸ்ஸில் போகும்போது காதில் விழுகிற, கண்ணில் படுகிற ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். எல்லாமே நீங்கள் தினமும் தமிழோடு சேர்த்துப் பேசுகிற சொற்களாக இருக்கும். அதுதான் வேண்டும். தெரிந்த சொல்லில் இருந்து வேரைப் பிடித்து, அந்த வேரை வைத்துத் தெரியாத சொல்லுக்குப் போவதுதான் வழி. தலைகீழாகப் போனால் மறுபடியும் மனப்பாடம்தான்.

பஸ்ஸையே எடுங்கள். இலத்தீனில் ஓம்னிபுஸ் என்றால் 'எல்லாருக்கும்'. 1820களில் பிரான்சில், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறலாம் என்ற வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் பொருள் தருகிற பகுதி ஓம்னி. கடைசியில் வருகிற புஸ் வெறும் நான்காம் வேற்றுமை உருபின் வால். ஆங்கிலத்தில் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அதாவது 'எல்லாருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் மிஞ்சிய மாதிரி. தலை வீணாகவில்லை, தொலைதூரப் பயணத்துக்கு நாம் ஏறுகிற ஆம்னி பஸ்ஸில் இருக்கிறது.

கண்டக்டர் இன்னும் வளமான சொல். கான் என்றால் 'உடன், ஒன்றாக', டக்ட் என்றால் 'நடத்திச் செல்'. இந்த டக்ட் ஒன்றைப் பிடித்தால் ப்ராடக்ட் என்பது முன்னே கொண்டுவரப்பட்டது, இன்ட்ரட்யூஸ் என்பது உள்ளே அழைத்து வருவது, ரெட்யூஸ் என்பது பின்னால் இழுத்துச் செல்வது என்று வரிசையாக விளங்கும். எஜுகேஷனும் இதே வேர்தான். டிரான்ஸ்போர்ட்டில் டிரான்ஸ் என்பது 'கடந்து, அந்தப் பக்கம்', போர்ட் என்பது 'சும'. இம்போர்ட் உள்ளே சுமந்து வருவது, எக்ஸ்போர்ட் வெளியே சுமந்து போவது, சப்போர்ட் கீழே இருந்து தாங்குவது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாஸ்போர்ட், ஏர்போர்ட் இரண்டிலும் வருகிற போர்ட்டுக்குப் பொருள் துறைமுகம், அதைச் சுமக்கிற போர்ட் பக்கத்தில் எழுதாதீர்கள்.

டிராக்டர் என்பது 'இழுக்கிறது', அவ்வளவுதான். அட்ராக்ட் தன் பக்கம் இழுப்பது, எக்ஸ்ட்ராக்ட் வெளியே இழுத்து எடுப்பது, டிஸ்ட்ராக்ட் கவனத்தை வேறு பக்கம் இழுப்பது, கான்ட்ராக்ட் இரண்டு தரப்பையும் ஒன்றாக இழுத்துக் கட்டுவது. இன்ஸ்பெக்டரில் உள்ள ஸ்பெக்ட் 'பார்'. உள்ளே நுழைந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர், அடியிலிருந்து ஓரக்கண்ணால் பார்ப்பது சஸ்பெக்ட், முன்னே பார்ப்பது ப்ராஸ்பெக்டஸ், திரும்பிப் பார்க்க வைப்பது ரெஸ்பெக்ட்.

இரண்டாம் படி: பகுபத உறுப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்தில் வந்தான் என்ற சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்து எழுதி மார்க் வாங்கினோம் இல்லையா, அதே கருவிதான் இங்கும் வேண்டும். ஆங்கிலச் சொல்லை முன்னொட்டு, வேர், விகுதி என்று மூன்றாக வெட்டுங்கள். இலத்தீன் வழியாக வந்த சொற்களில் பெரும்பாலானவை இந்த வெட்டுக்கு அப்படியே ஒத்துவரும்.

வேர் உருமாறுவதுதான் எல்லாரையும் குழப்புகிற இடம். ஃபேக்டரியில் ஃபேக்ட் என்று இருக்கிறது, அதற்கு 'செய்' என்று பொருள். எஃபெக்ட், டிஃபெக்ட், பெர்ஃபெக்ட் என்ற சொற்களில் அது ஃபெக்ட் ஆகிவிடுகிறது. எஃபிஷியன்ட், சஃபிஷியன்ட் என்று வரும்போது ஃபிஷ் என்று கேட்கிறது. மூன்றும் ஒரே வேர். முன்னால் ஒட்டு வந்து சேரும்போது வேரின் உயிரொலி மெலிந்துபோவது பழைய இலத்தீனின் குணம். வா என்ற பகுதி வந்தான் என்பதில் வ என்று குறுகுவதை விகாரம் என்று எழுதப் பழகிய நமக்கு இதை ஏற்றுக்கொள்ள என்ன கஷ்டம்? நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பில் மூன்று உருவத்தையும் எழுதிவிடுங்கள். 'பிடி, எடு' என்று பொருள்படும் வேர் கேப்ச்சரில் ஒரு மாதிரியும் அக்செப்டில் ஒரு மாதிரியும் ரிசீவில் இன்னொரு மாதிரியும் வருவது இதே கதை. கேப்டனை மட்டும் இந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம். அது 'தலை' என்று பொருள்படும் காபுட், கேபிடலும் சீஃபும் அதன் கூட்டம்.

மூன்றாம் படி: புணர்ச்சி

ஸ்பெல்லிங் தப்பு வருகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். அடுத்து வருகிற க-வுக்கு வசதியாக ம் போய் ங் வந்துவிடுகிறது. நாள், காட்டி சேர்ந்தால் நாட்காட்டி. நாக்கு சுளுக்காமல் பேசுவதற்காக ஒலிகள் ஒன்றுக்கொன்று இணங்கிப் போகின்றன, இதைத்தான் புணர்ச்சி என்று படித்தோம். இலத்தீனிலும் அதுவேதான் நடந்தது. 'இல்லை' என்று பொருள்படும் இன் என்ற முன்னொட்டு, பாசிபிள் முன்னால் இம் ஆகிறது, லீகல் முன்னால் இல் ஆகிறது, ரெகுலர் முன்னால் இர் ஆகிறது. 'நோக்கி' என்று பொருள்படும் ஆட் என்ற முன்னொட்டு இதில் படு இளக்கம். அடுத்து வருகிற எழுத்து பலவற்றுக்கு முன்னால் அதுவாகவே மாறிவிடும். அதனால்தான் அட்டென்ஷனில் இரண்டு டி, அப்பாயிண்டில் இரண்டு பி, அசிஸ்டில் இரண்டு எஸ். முதல் எழுத்து முன்னொட்டினுடையது, இரண்டாவது எழுத்து வேரினுடையது. அரைவ் என்ற சொல்லில் இரண்டு ஆர் இருப்பதும் இதனால்தான். ஆட் என்பதோடு 'கரை' என்று பொருள்படும் ரீப்பா சேர்ந்தது அது. கப்பல் கரையை அடைவதுதான் முதலில் அரைவ்.

இப்போது எல்லாரும் தடுமாறுகிற அக்காமடேஷனைப் பாருங்கள். ஆட், கான், மோட் என்று மூன்று துண்டு, மோட் என்றால் 'அளவு'. ஆட் போய் கான் மேல் மோதும்போது சி இரட்டிக்கிறது, கான் போய் மோட் மேல் மோதும்போது எம் இரட்டிக்கிறது. இரண்டு சி, இரண்டு எம், தீர்ந்தது. கமிட்டியில் கான் என்பதோடு 'அனுப்பு' என்று பொருள்படும் மிட் சேர்கிறது. அந்த மிட்டுக்கு இலத்தீனிலேயே இரண்டு டி, விகுதிக்கு இரண்டு இ, ஆக எம், டி, இ மூன்றும் இரண்டிரண்டு. ரெக்கமண்டில் ரீ என்பதோடு கமண்ட் சேர்வதால் ஒரே ஒரு சி, இரண்டு எம். டிஸ்அப்பாயிண்டில் டிஸ் முடிந்து அப்பாயிண்ட் தொடங்குவதால் எஸ் ஒன்று, பி இரண்டு. டிஸ்சாட்டிஸ்ஃபைடு என்று வந்தால் எஸ் இரண்டு. அக்கேஷனில் ஆப் என்ற முன்னொட்டு சி முன்னால் மாறி சி இரட்டிக்கிறது, ஆனால் எஸ் வேரின் உள்ளேயே இருப்பதால் அது ஒன்றுதான். இப்படி வெட்டிப் பார்த்து எழுதிப் பழகியவர்களுக்கு ஸ்பெல்லிங் நோட்டே தேவைப்படாது.

நான்காம் படி: எந்த அடுக்கில் இருந்து வந்தது என்று கேளுங்கள்

ஆங்கிலம் பல அடுக்காகச் சேர்ந்த மொழி. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்கள், சாக்ஸன்கள் முதலான ஜெர்மானியக் குழுக்கள் பிரிட்டனுக்கு வந்தபோது கொண்டுவந்த பேச்சு அடித்தளம். கை, கால், வீடு, தண்ணீர், அம்மா, அப்பா மாதிரி அன்றாடச் சொற்கள் எல்லாம் அந்த அடுக்கு. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள் பிற்பாடு அங்கேயே குடியேறி வாழ்ந்ததில் ஸ்கை, எக், நைஃப், விண்டோ எல்லாம் வந்தன. விண்டோ என்றால் அவர்கள் மொழியில் 'காற்றின் கண்'. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததும் அரசாங்கமும் கோர்ட்டும் பிரெஞ்சில் நடக்க ஆரம்பித்து, ஜட்ஜ், ஜூரி, பிரிசன், கவர்ன்மெண்ட் நுழைந்தன. மாட்டை மேய்த்தவன் பேச்சில் அது கௌ, தட்டில் வரும்போது பிரெஞ்சு பீஃப். ஷீப்புக்கு மட்டன் என்பதும் அப்படியே. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்கள் இலத்தீனையும் கிரேக்கத்தையும் மூட்டை மூட்டையாக எடுத்து வந்து சேர்த்தார்கள்.

படித்தவர்களின் அந்த ஆர்வத்துக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. டெட் என்ற சொல், அதாவது கடன், பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது. இலத்தீனில் டெபிட்டும் என்று பி இருந்ததைப் பார்த்து எழுத்தில் மட்டும் சேர்த்துவிட்டார்கள், வாய் மாறவே இல்லை. ஐலண்டில் உள்ள எஸ்ஸோ சுத்தமாகத் தவறிப்போய்ச் சேர்த்தது. அது பழைய ஆங்கிலச் சொல், அதற்கும் இலத்தீனுக்கும் உறவில்லை. ஊமை எழுத்தைப் பார்த்தால் எரிச்சல்படாமல் அது எப்போது வந்தது என்று பார்த்து வையுங்கள், மறக்காது.

அடுக்கு தெரிந்தால் ஒரே பொருளுக்கு ஏன் மூன்று சொல் இருக்கிறது என்பதும் தெரியும். கால் என்றால் சொந்தச் சொல் ஃபூட், சைக்கிள் பெடலில் இருப்பது இலத்தீன் பெட், டிரைபாடில் இருப்பது கிரேக்கப் பாட். இந்த மூன்றும் தூரத்து உறவும்கூட. அது எப்படி என்பதுதான் அடுத்த படி.

ஐந்தாம் படி: பிதா, பேட்டர், ஃபாதர்

1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று ஓர் உரையில் சொன்னார். 1822இல் யாக்கோப் கிரிம் ஜெர்மானிய மொழிகளில் மெய்யொலிகள் ஓர் ஒழுங்கோடு மாறியிருப்பதை விளக்கி எழுதினார். இலத்தீனில் ப இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் ஃப, த இருக்கிற இடத்தில் டிஎச், க இருக்கிற இடத்தில் ஹ. இலத்தீனில் மெல்லிய டி (d) இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் வல்லின டி (t), ஜி (g) இருக்கிற இடத்தில் க (k).

இதற்கு இலத்தீன் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழில் புழங்குகிற வடசொற்களே போதும். பிதா, இலத்தீனில் பேட்டர், ஆங்கிலத்தில் ஃபாதர். பாதம், பெட், ஃபூட். திரி என்பது த்ரீ. தசமியில் உள்ள தச, இலத்தீன் டெக்கெம், ஆங்கில டென், டெசிமலும் அந்த வழிதான். யானைத் தந்தம் என்கிறோமே, சமஸ்கிருதத்தில் தந்தம் என்றால் பல். இலத்தீனில் டென்ட், அதிலிருந்து டென்டிஸ்ட், ஆங்கிலச் சொந்தச் சொல் டூத். இந்த ஒலி அட்டவணையை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தால் கார்டியாக்கும் ஹார்ட்டும், கார்னியாவும் ஹார்னும், ஜீனஸும் கின்னும் ஏன் உறவு என்று பார்த்த உடனே பிடிபடும். ஒரே மாதிரி ஒலிக்கிற சொல் உறவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒழுங்காக மாறியிருக்கிற சொல்தான் உறவு. இதை மட்டும் மனதில் இருத்திக்கொண்டு மேலே போங்கள்.

டாக்டர் போர்டுகளில் கிரேக்கம்

ஐந்து ரோடு, ஸ்வர்ணபுரி பக்கம் நடந்தால் சுவரெல்லாம் கிரேக்கம் தொங்குகிறது. நீட் பிள்ளைகள் இங்கே அதிக நேரம் செலவிடலாம். கார்டியோ இதயம், நெஃப்ரோ சிறுநீரகம், கேஸ்ட்ரோ வயிறு, என்டெரோ குடல், ஹெபடோ கல்லீரல், டெர்ம் தோல். பின்னால் ஐடிஸ் வந்தால் அழற்சி, எக்டமி வந்தால் வெட்டி எடுப்பது, லாஜி வந்தால் அதைப் பற்றிய படிப்பு. சிறுநீரகத்துக்கு இலத்தீன் சொல்லும் உண்டு, அதனால்தான் டாக்டர் நெஃப்ராலஜிஸ்ட், நோய் மட்டும் ரீனல் ஃபெயிலியர். ஆர்த்தோ என்றால் 'நேரான'. ஆர்த்தோபீடிக்ஸில் வரும் பீட் கிரேக்கத்தில் குழந்தை. குழந்தைகளின் கோணல் கைகால்களை நேராக்குவதற்காக 1741இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்த பெயர் அது. பீடியாட்ரிக்ஸிலும் இதே பீட்தான். பெடலில் உள்ள கால் அங்கே கிடையாது.

மலைக்கு மேலே

ஏற்காட்டுக்கு ஏறினால் வேறு வகை வேர்கள், ஊர் விட்டு ஊர் போன சொற்கள். காபி அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, பிறகு ஐரோப்பிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைப் பயிரிட்டபோது அந்தச் சொல்லும் செடியோடு இங்கே ஏறியது. மிளகுக்கு பெப்பர் என்ற பெயர், சமஸ்கிருதத்தில் திப்பிலியைக் குறித்த பிப்பலி, கிரேக்கத்தில் பெப்பெரி, இலத்தீனில் பிப்பெர் என்று போய் ஆங்கிலத்தில் நின்றது. ஆரஞ்சு திராவிட மூலத்திலிருந்து கிளம்பி சமஸ்கிருத நாரங்கம், பாரசீக நாரங், அரபி நாரஞ்ச், ஸ்பானிய நாரன்ஹா என்று போய், பிரெஞ்சில் முன்னிருந்த ந-வை இழந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இஞ்சி, வேர் என்ற இரண்டும் சேர்ந்த நம் சொல்லும் இதே மாதிரி பல மொழி தாண்டி ஜிஞ்சர் ஆனது.

பாறைகளுக்குப் பெரும்பாலும் ஊர்ப்பெயர், ஆள்பெயர். சேர்வராயன் மலையில் இருக்கிற பாக்ஸைட், 1821இல் பிரான்சில் லே போ என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர். மலையே நிற்கிற பாறை சார்னக்கைட். கல்கத்தாவில் இருக்கிற, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரை வைத்தார். இப்படிப்பட்ட சொற்களை வெட்டிப் பிரிக்க முயலாதீர்கள், உள்ளே வேர் இருக்காது. நோட்டில் தனிப் பக்கம் போடுங்கள்.

எஸ்டேட் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'நில்' என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து ஸ்டேட், ஸ்டேஷன், ஸ்டேட்டஸ் வந்தன, எஸ்டேட்டும் அதே வேர்தான். முன்னால் எ எங்கிருந்து வந்தது? பிற்கால இலத்தீன் பேசிய மக்களுக்கு எஸ்ஸும் டியும் சேர்ந்து சொல் தொடங்கினால் வாயில் வரவில்லை, முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் இஸ்கூல், இஷ்டேசன் என்று சொல்கிறார்களே, அதே காரணம், அதே வழி. ஸ்பெஷல், எஸ்பெஷல் என்று ஆங்கிலத்தில் இரண்டும் இருப்பது இதனால்தான். இஸ்கூல் என்கிறவர்களைக் கேலி செய்கிற பழக்கம் நம்மூரில் நிறைய இருக்கிறது. பிரான்சில் ஒரு தேசமே அப்படித்தான் பேசி, அதுவே இலக்கணமானது.

பொருள் இடம் மாறும்

வேரின் பொருளும் இன்றைய பொருளும் ஒட்டவில்லை என்றால் உடனே வேர் தப்பு என்று முடிவு செய்யாதீர்கள். எண்ணெய் என்றால் எள்ளின் நெய். இன்று தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஆயில் முதலில் ஆலிவ் எண்ணெய் மட்டுமே, ஆலிவைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்தே அது வந்தது, இன்று இன்ஜினுக்கு ஊற்றுவதும் ஆயில். இரண்டு மொழியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. சேகோவும் அப்படித்தான். மலாய் மொழியில் சாகு என்பது ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கிற மாவு. சேலத்து சேகோ ஃபேக்டரிகளில் அந்தப் பனையே கிடையாது, ஆத்தூரிலும் மற்ற ஊர்களிலும் விளைகிற மரவள்ளிக்கிழங்குதான் ஜவ்வரிசி ஆகிறது, பெயர் மட்டும் பனையிலிருந்து வந்து கிழங்கில் ஒட்டிக்கொண்டது.

நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம், இன்று துர்நாற்றம், இதை இழிபொருட்பேறு என்று படித்தோம். ஆங்கில சில்லி அதே பாதை, ஒரு காலத்தில் 'பேறு பெற்ற', இன்று 'அசட்டுத்தனமான'. நைஸ் நேர் எதிராக ஏறியது, இலத்தீனில் 'ஒன்றும் அறியாத' என்று இருந்தது. ஆகவே நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றைய பொருள், இன்றைய பொருள் என்று இரண்டையும் எழுதுங்கள்.

எட்டும் எய்ட்டும்

எல்லா ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து வந்தது என்று பட்டியல் போட்டுப் பகிர்கிறவர்கள் நிறைய. தமிழ்மேல் இருக்கிற அன்பு எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் அந்த முறை தமிழுக்கு மரியாதை சேர்ப்பதில்லை. எட்டு, எய்ட் இரண்டையும் சோதித்துப் பார்ப்போம். எய்ட்டின் பழைய ஆங்கில உருவம் ஏயஹ்தா மாதிரி ஒலிக்கும், ஜெர்மனில் ஆக்ட், இலத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. பின்னால் போகப் போக நடுவில் ஒரு ககரம் வெளிப்படுகிறது. தமிழ் எட்டை எடுங்கள். எண்பது, எண்ணூறு, எண்கோணம் என்று வரும்போது உள்ளே இருக்கிற எண் தெரிகிறது. கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி. சேலத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறையப் பேர், பக்கத்து வீட்டில் கேட்டாலே தெரிந்துவிடும். இங்கே பின்னால் போகப் போக வெளிப்படுவது ணகரம். ஒன்று ஆக்டோவை நோக்கிப் போகிறது, இன்னொன்று எண்ணை நோக்கிப் போகிறது. இன்று ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல்.

உண்மையிலேயே தமிழிலிருந்து போனவை இருக்கின்றன, சாட்சியோடு இருக்கின்றன. கட்டுமரம் கேட்டமரான் ஆனது, சுருட்டு செரூட் ஆனது, மிளகுத்தண்ணீர் முல்லிகடானி ஆனது, வெட்டிவேர் பிரெஞ்சு வழியாக வெட்டிவர் ஆனது, குருந்தம் என்ற கல் கொரண்டம் ஆனது. மாங்காய் போர்ச்சுகீசிய மங்கா வழியாக மேங்கோ ஆனது. இவற்றுக்கெல்லாம் யார் எப்போது எழுதினார்கள் என்பது வரை தடம் இருக்கிறது.

ஆங்கிலத்துக்குள்ளேயும் இந்தப் பொறி உண்டு. பென் இறகு என்ற சொல்லிலிருந்து வந்தது, பென்சில் 'சின்ன வால், தூரிகை' என்ற சொல்லிலிருந்து வந்தது, இரண்டும் உறவில்லை. பென்சிலுக்கு நிஜமான உறவு பெனிசிலின் என்ற மருந்து, தூரிகை மாதிரி தெரிகிற பூஞ்சையின் பெயரிலிருந்து வந்தது அது. ஃபீமேல் என்பது மேல் என்பதோடு ஏதோ சேர்ந்து பிறந்ததில்லை. அவுட்ரேஜில் அவுட்டும் இல்லை, ரேஜும் இல்லை, 'அப்பால்' என்று பொருள்படும் அல்ட்ராதான் பிரெஞ்சில் தேய்ந்து வந்திருக்கிறது.

அகராதியைப் பார்க்கும் முறை

எடிம்ஆன்லைன் என்ற தளம் இலவசம், போனிலேயே பார்க்கலாம். சொல் வரலாற்றுக் குறிப்பு பின்னோக்கி எழுதப்பட்டிருக்கும், பக்கத்தில் இருப்பது முதலில், மூலம் கடைசியில். நட்சத்திரக் குறி போட்ட உருவம் எந்த ஏட்டிலும் எழுதப்படாதது, ஒப்பிட்டு ஊகித்து அமைத்தது என்று பொருள். காக்னேட் என்று போட்டிருந்தால் உடன்பிறப்பு, ஒன்று இன்னொன்றிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'பெர்ஹாப்ஸ்' இருந்தால் நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். தமிழ்ப் பக்கம் சரிபார்க்க பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம், 1984இல் வந்த இரண்டாம் பதிப்பு.

வாரக் கணக்கு

முதல் வாரம் முன்னொட்டுகள் மட்டும். கான், ஆட், இன், எக்ஸ், ரீ, ப்ரோ, சப், டிஸ், டி, டிரான்ஸ், ப்ரீ, ஆப், இந்தப் பன்னிரண்டும் புணர்ச்சியோடு வாயில் வர வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று வேர் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். டக்ட், போர்ட், டிராக்ட், ஸ்பெக்ட் முடிந்ததும் 'எறி' என்ற பொருளில் ஜெக்ட், 'அனுப்பு' என்ற மிட், 'கட்டு' என்ற ஸ்ட்ரக்ட், 'சொல்' என்ற டிக்ட், 'எழுது' என்ற ஸ்கிரிப்ட், அப்புறம் உருமாறுகிற ஃபேக்ட், கேப் இரண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்த சொல் இரண்டு, புதிய சொல் மூன்று, குடும்பத்தில் சேராத பொறி ஒன்றாவது இருக்கட்டும். புதிய சொல் ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டு விஷயம், உங்கள் வேலை விஷயம் ஒன்றைச் சொல்கிற வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். வேர் தெரிந்துவிட்டதால் மட்டும் சொல் வாயில் வந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை பழைய பக்கத்தில் முன்னொட்டை மட்டும் கையால் மறைத்துவிட்டு, பொருளைப் பார்த்து எந்த ஒட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

ஃபேக்ட், கேப் இரண்டும் வசமானதும் ஊரில் இருக்கிற ஆபீஸ் பெயர்களில் கை வைக்கலாம். கலெக்டரேட்டில் கான் என்பதோடு 'பொறுக்கிச் சேர்' என்று பொருள்படும் லெக்ட் இருக்கிறது, எலெக்ஷனும் அதே வேர். முனிசிபாலிட்டியின் நடுவில் இருப்பது நீங்கள் ஏற்கெனவே படித்த 'எடு'தான், முன்னால் நிற்கிற முனி 'கடமை'. கார்ப்பரேஷன், ரிஜிஸ்ட்ரார், டிரெஷரி, மாஜிஸ்திரேட் நான்கையும் நீங்களே பிரித்து, அகராதியில் பார்த்துச் சரிசெய்து எழுதுங்கள். மாஜிஸ்திரேட்டில் வருவது மேக்னசைட்டின் மேக்கா, மேக்னிஃபையின் மேக்கா என்பதையும் சேர்த்து.